கழற்றாத பலகை

நான் இடிக்கச் சொன்ன வீடு நல்ல வீடு. இடிப்பதற்கு முன்பே அது எனக்குத் தெரியும். இந்த இரண்டு வசனங்களையும் எழுத எனக்கு ஏறக்குறைய ஐம்பது வருடங்கள் பிடித்திருக்கின்றன. மனைவி இருந்தவரை அவளும் இதை அறிந்திருந்தாள். அவள் போனபின் இது என்னிடம் மட்டுமே தங்கிவிட்டது.

எழுபதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்னுக்கு வந்தோம். நான் கொழும்பில் சிவில் எஞ்சினியரிங் படித்தவன். அரசாங்க வேலையில் எட்டு வருடம் பாலங்களும் பள்ளிக்கூடக் கட்டிடங்களும் கட்டியவன். இங்கே என் பட்டத்தை முழுதாக ஏற்கவில்லை. பல இடங்களில் கேட்டு அலைந்து, கடைசியில் நகரத்துக்கு மேற்கே ஒரு சிறிய நகரசபையில் கட்டிடப் பரிசோதகர் வேலை கிடைத்தது. முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் பிழை ஏதும் வந்தால் ஒரு கடிதத்தோடு அனுப்பிவிடலாம்.

முதல் நாள் தலைமைப் பரிசோதகர் என் மேசையில் ஒரு டோர்ச், ஒரு பக்கம் அங்குலமும் மறுபக்கம் மில்லிமீட்டரும் போட்ட அளவுநாடா, மரத்தைக் குத்திப் பார்க்கும் கத்தி, தடித்த நீலத் துணியில் தைத்த மேலங்கி ஒன்று ஆகியவற்றை வைத்தார். கழுத்திலிருந்து கால்வரை மூடும் அங்கி. நல்ல மனிதர், சிரித்த முகம்.

"டையைக் கழட்டிப்போட்டு இதைப் போடும்," என்றார். "வீட்டுக்குக் கீழை போகாதவன் பரிசோதகன் இல்லை. தேத்தண்ணி குடிக்க வந்த ஆள்."

அவர்கள் எல்லோரும் பேசியது ஆங்கிலம்தான். என் காதில் தங்கியிருப்பது என்னவோ எங்கள் பேச்சிலேயே தங்கியிருக்கிறது.

அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. இந்தப் பக்கத்து வீடுகள் நிலத்தில் நேரே உட்கார்வதில்லை. பாதி புதைத்த குறுங்கட்டைகளின்மேல் நிற்கின்றன. ஸ்டம்ப் என்பார்கள். வீட்டுத் தரைக்கும் நிலத்துக்கும் இடையில் ஒன்றரை இரண்டு அடி இடைவெளி. அதற்குள் வயிற்றால் ஊர்ந்து போய் டோர்ச் அடித்துப் பார்த்தால்தான் வீட்டின் நிலை தெரியும்.

நான் வந்த இடத்தில் எஞ்சினியர் ஊர்வதில்லை. எஞ்சினியர் ஜீப்பிலிருந்து இறங்கி வெள்ளைச் சேர்ட்டோடு நிழலில் நிற்பார். அத்திவாரக் குழிக்குள் இறங்குபவர் ஓவசியர். அவர் ஏறிவந்து கையைத் தட்டிவிட்டுச் சொல்வதை எஞ்சினியர் எழுதிக்கொள்வார். எட்டு வருடத்தில் நான் ஒரு குழிக்குள்ளும் இறங்கியதில்லை. அதைப் பெருமையாகக்கூட நினைக்கவில்லை, அப்படித்தான் வேலை நடக்கும் என்று நினைத்தேன். மேலங்கியை மடித்துக் காரின் பின்பெட்டிக்குள் வைத்தேன். இலகுவான வீடுகளுக்கு டோர்ச்சை வெளியிலிருந்தே அடித்துப் பார்த்துச் சமாளித்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

அந்தப் பண்ணைவீடு வெரிபீ நகரையும் தாண்டி, கருங்கற்கள் சிதறிக் கிடக்கும் மொட்டை வெளியில் இருந்தது. வீட்டுக்காரரின் பாட்டன் ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்து, தன் ஊர் முறைப்படி கட்டியது. நான் போனது இடிப்பதற்காக அல்ல. படுக்கையறையோடு ஒட்டினாற்போல் ஒரு குளியலறை கட்ட வீட்டுக்காரி அனுமதி கேட்டிருந்தார். கணவருக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. கழிப்பறை வளவின் மூலையில், தகரக் கொட்டிலாக இருந்தது. குளிக்கிற இடம் வீட்டுக்குப் பின்னால் இன்னொரு கொட்டில். அவர் அடுப்பில் தண்ணீர் சுடவைத்து, வாளி வாளியாகத் தூக்கிவந்து, கணவரைக் கதிரையில் வைத்தே கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அறுபது வயது தாண்டியிருக்கும்.

ஆண்களின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். கூடவே ஒரு நாய்.

"வாங்கோ, பயப்பிடாதேங்கோ. நாய்க்குப் பல்லில்லை. இந்த வீட்டிலை ஆருக்குமே சொந்தப் பல்லில்லை."

உள்ளே கணவர் ஜன்னலோரம் கதிரையில் சாய்ந்திருந்தார். பெரிய உடம்பு, பெரிய கைகள். வாயின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது.

"ஆர், குளியலறைக்காரரோ? சேர்ட் நல்ல வெள்ளையாக் கிடக்கு. உதோடை எங்கடை வீட்டுக்குக் கீழை போனால் உன்ரை மனிசி என்னைத் தேடி வருவா, மேட்."

மேட் என்பது இங்கே ஆண்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் சொல். நான் சிரித்தேன். அவர் வீட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். சொற்கள் மெதுவாகத்தான் வந்தன. சுவர்கள் வீட்டைத் தாங்கவில்லை என்றார். ஸ்டம்புகளின்மேல் நாலு பக்கமும் அடிமரம் கிடத்தி, அதன்மேல் கம்பங்களை நிறுத்தி, கம்பங்களைச் சாய்வு மரங்களால் இறுக்கி, மேலே குறுக்குமரம் போட்டு, முதலில் வெறும் மரக்கூடு ஒன்றை எழுப்பியிருக்கிறார் பாட்டன். பிறகுதான் கம்பங்களுக்கு இடையில் கம்புகளைச் செருகி, வைக்கோலும் களிமண்ணும் குழைத்து அடைத்திருக்கிறார். வெளியே தெரியும் பலகைகளும் கூரைத் தகரமும் அப்பா காலத்தில் வந்தவை.

"மூலைக் கம்பம் நாலு. பத்தடி உசரம். கால் அங்குலத்துக்கு மேலை சாஞ்சிருந்தால் வந்து சொல்லு. எங்கையாவது ஒரு பலகையைக் கழட்டிப் பார். குறடு அந்த மேசை லாச்சிக்குள்ளை கிடக்கு."

"தேவையெண்டால் பாக்கிறன்," என்றேன்.

"பார். நான் இந்த வீட்டிலையிருந்து பெட்டிக்குள்ளை வைச்சுத்தான் வெளியிலை போவன். அதுக்கு முதல் ஒருக்கா வெந்நீரிலை ஒழுங்காக் குளிக்கோணும், அவ்வளவுதான்."

"இவர் குளிக்கிறதுக்கும் நான்தான் தண்ணி தூக்கோணும்," என்றார் அவர் மனைவி குசினி அடுப்படியிலிருந்து.

நான் வெளியே வந்து வீட்டைச் சுற்றி நடந்தேன். மேற்குப் பக்கம் ஒரு பலகை உக்கி ஓட்டை விழுந்திருந்தது. கத்தியால் குத்தினேன். மண்ணும் வைக்கோலும் பொலபொலவென்று கொட்டின. அந்த நிமிடத்தில் என் மனதில் வந்த சொல் மண்வீடு. வேறொன்றும் வரவில்லை. எங்களிடையே வீடு என்றால் கல்வீடு. மண்வீடு என்பது, குடும்பத்தில் ஒருவன் உத்தியோகம் எடுத்தவுடன் இடிக்கப்படுவது. கல்வீட்டில் சுவர்தான் வீடு. சுவர் வெடித்தால் கூரை எந்த நேரமும் வரும். நான் படித்த படிப்பும் கல்லும் கொங்கிறீட்டும்தான். அந்த வீட்டில் சுவர் வெடித்திருந்தது, ஓரிடத்தில் வயிறு தள்ளியிருந்தது. தரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. கதவை மூடுவதற்காக மேல்விளிம்பைச் சீவியிருந்தார்கள். மூலையில் அடிமரத்தைக் குத்தியபோது கத்தி பிடிவரை இறங்கியது.

அடுத்ததாகச் செய்யவேண்டியது கீழே போவது. தெற்குப் பக்கத்தில் அதற்கென்று சிறு திறப்பு இருந்தது. குந்தியிருந்து உள்ளே பார்த்தேன். ஈரமண் மணம், சிலந்தி வலை, ஏதோ செத்த நாற்றம். காருக்குப் போய்ப் பின்பெட்டியைத் திறந்தேன். மேலங்கி மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது. அன்று பின்னேரம் ஒரு பள்ளிக்கூடத்தில் கட்டிடக் குழுவைச் சந்திக்க வேண்டும். தலைமுடியில் சிலந்தி வலையோடு எப்படிப் போவது என்று நினைத்தேன். பார்த்ததே போதும் என்றும் நினைத்தேன். பெட்டியை மூடினேன்.

நிமிர்ந்தபோது ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பலகை ஒன்றையும் கழற்றவில்லை. தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

கந்தோரில் நிரப்பும் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. தரைக்குக் கீழே நேரில் பார்வையிட்டீரா? ஆம், இல்லை என்று இரண்டு பெட்டிகள். ஆம் என்ற பெட்டியில் அடையாளமிட்டேன். எல்லாப் படிவத்திலும் அதைத்தான் செய்துவந்தேன். கட்டிடம் குடியிருக்கத் தகுதியற்றது, பழுதுபார்க்கும் நிலையைத் தாண்டிவிட்டது, அகற்றப்பட வேண்டும் என்று நல்ல ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். தலைமைப் பரிசோதகர் வாசித்துவிட்டு, இவ்வளவு தெளிவான அறிக்கை இந்தக் கந்தோரில் வந்து கனகாலம் என்றார். கையொப்பமிட்டார்.

சில நாள் கழித்து அந்தப் பண்ணைவீட்டு அம்மா, வீட்டை அகற்றச் சொல்லிக் கந்தோர் அனுப்பிய கடிதத்தோடு கவுண்டருக்கு வந்தார். தொப்பி போட்டிருந்தார், சப்பாத்து மாற்றியிருந்தார். என்னைத்தான் கேட்டாராம்.

"நான் ஒரு குளியலறைதானே கேட்டனான்," என்றார்.

நான் விளக்கினேன். அடிமரம், சுவர், ஈரம். கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்குள் மறுப்புத் தெரிவிக்கலாம், வேறொரு பரிசோதகர் வருவார் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினேன் என்று நினைக்கிறேன்.

"நீங்கள் கீழை போய்ப் பாத்தனீங்கள்தானே?"

"ஓம்," என்றேன்.

அவர் கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"அப்ப சரி."

மறுப்பு வரவில்லை. வெரிபீ நகருக்குள் ஒரு செங்கல் வீட்டுத் தொகுதியில் அவர்களுக்கு இடம் ஒழுங்கானது. இடிக்கும் நாளும் குறிக்கப்பட்டது.

அதற்கு மூன்று கிழமைக்கு முன் எங்கள் வீட்டைத் தூக்கினார்கள்.

நாங்கள் மெல்பேர்னின் ஃபுட்ஸ்கிரே பகுதியில் ஒரு பழைய பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வந்த நாளிலிருந்து குசினிக் கதவு மூடாது. உருளைக்கிழங்கு ஒன்று மேசையிலிருந்து விழுந்தால் தானாக உருண்டு வாசலுக்கு வரும். வீட்டுச் சொந்தக்காரர் பழைய பலகை வீடுகளைப் பழுதுபார்க்கும் ஒரு மால்ட்டாக்காரரை அனுப்பியிருந்தார். சனிக்கிழமை காலை அவர் ஒரு உதவியாளோடும் நாலு ஜாக்கிகளோடும் வந்து, வீட்டைக் கொஞ்சம் உயர்த்தப் போவதாகச் சொன்னார். மனைவிக்கு அப்போது ஐந்து மாதம். அடுப்பில் சோறு.

"இஞ்சாருங்கோ, வீட்டைத் தூக்கிறதோ? எங்கை தூக்கிக்கொண்டு போறாங்கள்?"

"ஓரிடமும் போகேல்லை. கீழைக் கட்டையள் உக்கிப் போச்சாம், மாத்தப் போகினம். நீர் வெளியாலை வாரும்."

"சோறு அரை அவியல். அவியட்டும். அதுக்குப் பிறகு எங்கை வேணுமெண்டாலும் தூக்கட்டும்."

மால்ட்டாக்காரர் சிரித்தார். "அம்மா நிக்கட்டும். முந்தி ஒருத்தி குளிச்சுக்கொண்டிருக்கத் தூக்கினனாங்கள். தண்ணி ஒரு சொட்டுச் சிந்தேல்லை. அவவுக்குத்தான் கோவம்."

நான் வீட்டில் கட்டும் சாரத்தோடு நின்றேன். கந்தோர் இல்லை, டை இல்லை, பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை. ஏதோ நினைத்துச் சாரத்தை முழங்காலுக்குமேல் மடித்துச் சண்டிக்கட்டாகக் கட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் வீட்டுக்குக் கீழே ஊர்ந்து போனேன். அதுதான் வாழ்க்கையில் முதல் தடவை.

கட்டைகள் சூத்தைப் பல்லைப்போல் கறுத்துத் தேய்ந்து நின்றன. ஜாக்கியைத் திருகத் திருக, மேலே வீடு முனகியது. ஒரு அங்குலம் உயர்ந்ததும் உக்கிய கட்டையைக் கையாலேயே இழுத்து எடுத்தார், புதியதை நட்டார். ஒரு பக்கத்து அடிமரமும் உக்கியிருந்தது. அதில் நாலடியை ஈர்வாளால் அறுத்து எடுத்து, புது மரத்தைச் செருகி, ஆணி அடித்தார். மதியத்துக்குள் ஒரு பக்கம் முடிந்துவிட்டது. மேலே மனைவி கூப்பிடுவது கேட்டது.

"இஞ்சாருங்கோ! கதவு பூட்டுது!"

குசினிக் கதவு தானாக மூடியிருந்தது. சுவரில் ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த வெடிப்பு ஒரு மயிரிழையாக ஒடுங்கியிருந்தது.

நான் மால்ட்டாக்காரரிடம் கேட்டேன். கத்தி பிடிவரை இறங்குமளவுக்கு அடிமரம் உக்கினால்?

"அது வீட்டின்ரை சப்பாத்து. தேஞ்சால் மாத்திறது. சப்பாத்துத் தேஞ்சதெண்டு ஆளைப் புதைக்கிறதே?"

மரக்கூட்டுக்குள் மண் அடைத்த பழைய ஜெர்மன்காரர் வீடு ஒன்று இருந்தால்?

அவர் சீட்டி அடித்தார். "எங்கை கிடக்கு? அந்த மண் சும்மா காத்துக்கு அடைச்சது. முழுக்கக் கொட்டுண்டாலும் வீடு நிக்கும். கூடு எப்பிடி? மூலை நேராக் கிடக்கோ? பலகை கழட்டிப் பாத்தனியோ?"

நான் சாரத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டேன். மனைவி அவர்களுக்கும் சோறு போட்டாள். பருப்பை அவர் இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு இறங்கவில்லை.

பாத்திரம் கழுவும்போது மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படிவத்தில் போட்ட அடையாளத்தையும் சொன்னேன்.

"அப்ப திங்கட்கிழமை போய்ச் சொல்லுங்கோ. பிழைவிட்டிட்டன், திருப்பிப் பாக்கோணும் எண்டு."

"பிழையெண்டு சொன்னால் கீழை போகாததும் வெளியிலை வரும். அது பிழையில்லை, பொய். வேலை போயிடும்."

"போனால் போகட்டும். வேறை வேலை தேடுவம்."

"ஆர் தருவினம்? இந்த வேலை எடுக்க எத்தினை மாதம் அலைஞ்சனான்? பிள்ளை வரப்போகுது. உமக்கு உது விளங்காது."

அவள் கையைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு விளங்குது. உங்களுக்கும் விளங்குது. அதுதான் நீங்கள் சாப்பிடேல்லை."

திங்கட்கிழமை தலைமைப் பரிசோதகரின் அறை வாசலில் போய் நின்றேன். அவர் தொலைபேசியில் யாரோடோ சனிக்கிழமை நடந்த கால்பந்தைப் பற்றிச் சத்தம்போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு, ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டினார். நான் ஒரு நிமிடம் நிற்கவில்லை. பிறகு வருகிறேன் என்று சைகை காட்டிவிட்டு மேசைக்குத் திரும்பினேன். என்னை யாரும் மிரட்டவில்லை, தடுக்கவில்லை. மூன்று கிழமையில் அந்தக் கதவு எத்தனையோ தடவை திறந்திருந்தது. செவ்வாய்க்கிழமை போகலாம் என்று நினைத்தேன். பிறகு வியாழக்கிழமை. பிறகு நினைப்பதை நிறுத்தினேன்.

இடிக்கும் நாளில் பரிசோதகர் நின்று பார்த்துக் கையொப்பமிட வேண்டும். அன்று நான் நீல மேலங்கியைப் போட்டுக்கொண்டு போனேன். ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வெட்கமாக இருந்திருக்கலாம்.

முதலில் தகரத்தையும் பலகைகளையும் கழற்றினார்கள். பிறகு மண்ணைத் தட்டினார்கள். அது பாளம் பாளமாக விழுந்து, தூசி அடங்கியபோது, அந்த மொட்டை வெளியில் மரக்கூடு மட்டும் நின்றது. நான் என் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்கான மரவேலையைக் கண்டதில்லை. இங்கே ரெட் கம் என்று சொல்லும் சிவந்த மரம், கையால் செதுக்கியது, இரும்பாணி ஒன்றுகூட இல்லை. ஒரு மரத்தின் முனையை நாக்குப்போல் செதுக்கி, மற்ற மரத்தில் வெட்டிய துளைக்குள் செருகி, குறுக்கே மர ஆணி இறுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு பொருத்திலும் உளியால் கீறிய கோடுகள். மூன்று கோடு போட்ட நாக்கு, மூன்று கோடு போட்ட துளைக்குள். நிலத்தில் கிடத்தி வெட்டிப் பொருத்திப் பார்த்து, கழற்றி, பிறகு எழுப்பியிருக்கிறார் அந்தப் பாட்டன். உக்கியிருந்தது மேற்கு மூலையில் அடிமரத்தின் ஐந்தாறு அடியும், சில கட்டைகளும். அவ்வளவுதான். மால்ட்டாக்காரருக்கு இரண்டு நாள் வேலை.

வேலையாட்கள் தேத்தண்ணீருக்குப் போனபோது நான் தூக்குநூலை எடுத்து மூலைக் கம்பங்களில் பிடித்துப் பார்த்தேன். நாலையும் பார்த்தேன்.

திரும்பியபோது வளவு வாசலில், படலையடியில் ஒரு கார் நின்றது. அந்த அம்மாதான் ஓட்டி வந்திருந்தார். பக்கத்து இருக்கையில் கணவர், கண்ணாடியை இறக்கியபடி. வரவேண்டும் என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தாராம். நான் கிட்டப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. அவர் வீட்டைப் பார்க்கவில்லை. என் மேலங்கியைப் பார்த்தார், மேலிருந்து கீழாக.

"இப்ப பாத்திட்டியோ, மேட்?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்திருந்தார். பிறகு காரைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

கூடு இலகுவில் விழவில்லை. சங்கிலி போட்டு டிராக்டரால் இழுத்தார்கள். முதல் இழுவையில் சங்கிலிதான் அறுந்தது. ஓட்டுநர் இறங்கிவந்து கம்பத்தைத் தட்டிப் பார்த்து, என்னிடம், "இதையோ விழப்போகுது எண்டு எழுதினவங்கள்?" என்றார். பின்னேரம்தான் விழுந்தது. நான் கையொப்பமிட்டேன். அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது.

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் அவர் இறந்துபோனார். உள்ளூர்ப் பத்திரிகையில் நாலு வரி வந்திருந்தது. மனைவியிடம் காட்டினேன். அவள் உடனே பெட்டியைத் திறந்து வெள்ளைச் சேலையை எடுத்தாள்.

"என்ன செய்யிறீர்? இஞ்சை அப்பிடிப் போறேல்லை. தேவாலயத்துக்குத்தான் போவினம், அதுவும் சொன்னால்தான்."

"செத்தவீட்டுக்குச் சொல்லி வாறேல்லை. பகையெண்டாலும் போறது. நீங்கள் வராட்டி நான் பஸ்ஸிலை போறன்."

வயிறு பெருத்து எட்டு மாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளைத்தாச்சி செத்தவீட்டுக்குப் போகக்கூடாது என்று அவள் தாய் எழுதியிருப்பாள். அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நான் காரை எடுத்தேன்.

செங்கல் வீட்டுத் தொகுதியில் எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருந்தன. அந்த அம்மா கதவைத் திறந்து, எங்களைப் பார்த்து, மனைவியின் வயிற்றைப் பார்த்து, "முதல் இருங்கோ," என்றார். உள்ளே வேறு ஒருவரும் இல்லை. நாய் மூலையில் படுத்திருந்தது. குளியலறைக் கதவு திறந்திருந்தது. வெள்ளை ஓடு பதித்து, பிடித்து நடக்கச் சுவரில் குழாய் பூட்டி, வெந்நீர்க் குழாயோடு.

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். கீழே போகவில்லை, பலகை கழற்றவில்லை, பொய்யாக எழுதினேன், இடிப்பதற்கு மூன்று கிழமைக்கு முன்பே வீடு நல்லது என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும்," என்றார். "அவர் ஜன்னலாலை பாத்தவர். நீங்கள் போன உடனை சொன்னவர், அந்தப் பொடியன் கீழை போகேல்லை எண்டு. கடிதம் வந்த அண்டைக்கும் சொன்னவர். மறுப்பு எழுது எழுது எண்டு நிண்டவர்."

"அப்ப ஏன்..."

"அதுக்குத்தான் உங்களிட்டை வந்தனான். நீங்கள் இல்லையெண்டு சொல்லியிருந்தால் எழுதியிருப்பன். நீங்கள் ஓம் எண்டீங்கள்." அவர் தன் கைகளைப் பார்த்தார். "ரெண்டு வருசம் வாளி தூக்கினனான். ஒவ்வொரு நாளும். குளியலறை கட்டினாலும் அந்த வீட்டிலை ஒண்டில்லாட்டி ஒண்டு. நான் களைச்சுப் போனன். நீங்கள் ஓம் எண்டது எனக்கு வசதியாப் போச்சு. வீட்டை போய், பரிசோதகர் கீழை போனவராம் எண்டு சொன்னன். ஜன்னலாலை எல்லாம் தெரியாது, நீங்கள் வருத்தக்காரன் எண்டும் அவருக்குச் சொன்னன். அவர் அதுக்குப் பிறகு ஒண்டும் கதைக்கேல்லை."

மனைவி எழுந்துபோய் அவர் பக்கத்தில் இருந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆங்கிலத்தில் அவளுக்கு அப்போது கொஞ்சம்தான் தெரியும்.

"வெந்நீரிலை குளிச்சவரோ?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு நாளும். நல்லாயிருக்கெண்டு ஒருநாளும் சொல்லேல்லை." சிரிக்கப் பார்த்தார். பிறகு, "அந்த நாலு மூலையும்," என்றார். "அண்டைக்கு நீங்கள் நூல் பிடிச்சுப் பாத்ததை அவர் கண்டவர். எவ்வளவு எண்டு கேட்டுச் சொல்லு எண்டவர். கேக்க எனக்கு முகமில்லை."

"மூண்டு மூலை அப்பிடியே நேர்," என்றேன். "மேற்கு மூலையிலை மட்டும், பத்தடிக்குக் கால் அங்குலம். அதுக்கு மேலை இல்லை."

அவர் கண்ணை மூடிக்கொண்டு அதைத் திரும்பச் சொன்னார், மனனம் பண்ணுவதுபோல. "மேற்கு மூலையிலை கால் அங்குலம்."

அந்த வீட்டைப் பற்றி நான் சொன்ன ஒரே சரியான அளவு அதுதான். அது எந்தக் கந்தோர்க் கோவையிலும் இல்லை. அதைக் கேட்க விரும்பியவர் அடுத்த தெருவில், சவம் வைக்கும் மலர்ச்சாலையில் பெட்டிக்குள் கிடந்தார்.

நாங்கள் எழுந்தோம். செத்தவீட்டிலிருந்து கிளம்பும்போது, போட்டு வாறம் என்று நாங்கள் சொல்வதில்லை. இருவரும் பேசாமல் வாசலுக்கு வந்தோம். அவர் பின்னாலேயே வந்து, எங்கள் வழக்கம் தெரியாமல், "திரும்ப வாங்கோ," என்றார். "பிள்ளையைக் கொண்டுவந்து காட்டுங்கோ."

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி அவரிடம், "ஓம், வாறம்," என்றாள், தமிழிலேயே.

பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள் அவள் அதைச் செய்தாள். தானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனாள். அந்த அம்மா இருந்தவரை வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை போய்வந்தாள். அப்போதெல்லாம் நான் காரில் கொண்டுபோய் விடுவேன், வெளியே இருந்து பத்திரிகை வாசிப்பேன். உள்ளே போனதில்லை. கந்தோர் வேலையில் மட்டும், அதன்பின் ஓய்வுபெறும்வரை, நான் கையொப்பமிட்ட ஒவ்வொரு வீட்டுக்குக் கீழும் ஊர்ந்திருக்கிறேன். மனைவி அந்த மேலங்கிகளை மற்ற உடுப்புகளோடு சேர்க்காமல் தனியே தோய்த்துக் கொடியில் போடுவாள்.